கற்கரைத் தூண்டிலுக்குப் பின்னல் நூல் தெரிந்தெடுத்தல்

கடலூர் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 57 கிலோமீட்டர் நீளமுள்ளது. வடக்கே பெண்ணையாற்றுப் பக்கம் தொடங்கித் தெற்கே சிதம்பரம் பகுதியில் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடம்வரை செல்லும் இக்கரை மணற்கரையாகும். முட்டத்திலும் கன்னியாகுமரியிலும் கடலுக்குள் துருத்தி நிற்கும் இயற்கைப் பாறைகளை இங்கே காண முடியாது. ஆயினும், நம் பகுதியில் கற்கரையே இல்லையென்று சொல்லிவிடுவதற்கில்லை. கெடிலமும் பரவனாறும் வந்து சேரும் கடலூர்த் துறைமுக வாயிலில், மணல் மேடிட்டு வழி அடைபடாதிருக்கும் பொருட்டுக் கருங்கற்களைக் குவித்து அலைதடுப்புச் சுவர்கள் அமைத்திருக்கிறார்கள். கடலரிப்பைத் தடுப்பதற்காகவும் ஆங்காங்கே கல் கொட்டப்பட்டுள்ளது. இயற்கை கொடாத கற்கரையை மனிதன் அமைத்துக்கொண்டான் என்றே சொல்ல வேண்டும்.

கல் விழுந்த இடத்தில் மீன் வந்து சேரும். இடுக்குகளில் சிறு நண்டும் இறாலும் குடியேறும். அவற்றைத் தின்னச் சிறு மீன் வரும். சிறு மீனைத் தேடிக் கொடுவாயும், செப்பிலியும், களவாயும், பாறை மீனும் வரும். இதனால் அறுவடை முடிந்த நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் கோலும் ரீலுமாகக் கல்லின்மேல் நின்று வீசுவோர் பலராகிவிட்டனர். இவர்களில் கடல் தொழில் செய்வோரைக் காட்டிலும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வரும் விவசாயக் குடும்பத்து இளைஞர்களே மிகுதி எனலாம். வாங்கும் பொருள்களில் அவர்கள் பெரிதும் ஏமாறுவது கோலிலும் அன்று, ரீலிலும் அன்று, நூலில்தான்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய விஷயம், இதில் பஞ்சாயத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். தவறான நூல் கல்லில் மாட்டிக்கொண்டு அறுந்தால், அறுந்த துண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. முற்காலத்துப் பருத்தி நூலாயின் சில மாதங்களில் இற்று மண்ணோடு மண்ணாகிவிடும். இக்காலத்து நூல் இற்றுப் போவதில்லை. அது பறவையின் காலையும், ஆமையின் துடுப்பையும், மீனவரின் வலையையும், குளிக்க இறங்கும் குழந்தையின் விரலையும் பற்றிக்கொள்கிறது. ஆகவே நூலைத் தெரிந்தெடுப்பது வாங்குவோரின் பணத்தை மட்டும் பொறுத்த காரியமன்று.

நூல் வந்த வழி

நம் மீனவர்கள் கட்டுமரத்தின்மேல் அமர்ந்து கைத்தூண்டில் போட்டதும், ஆயிரங்கால் தூண்டில் விரித்ததும் நெடுங்காலம் பருத்தி நூலையும் சணப்பு நூலையும் கொண்டுதான். உப்பு நீரில் அவை விரைவில் அழுகும். அதைத் தடுக்க மரப்பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் நூலையும் வலையையும் தோய்த்து உலர்த்துவது வழக்கம். 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் டுபாண்ட் நிறுவனத்தார் நைலானை உலகிற்கு அறிவித்தனர். 1957இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் தோன்றியது. அக்காலந்தொட்டு நம் நாட்டிலும் பருத்தி வலை மெல்ல மெல்ல நைலானுக்கு இடம் கொடுத்தது. ஒற்றை இழையாக, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் நைலான் தூண்டில் நூலை நரம்பு என்றும் தங்கூசி என்றும் கரையோரத்தில் அழைக்கிறார்கள். இக்கட்டுரையிலும் அதை நரம்பு என்றே குறிப்போம்.

பின்னல் நூலின் கதை வேறு. குடமும் பையும் செய்கின்ற பாலிதீனை யாவரும் அறிவர். அந்தப் பாலிதீனின் மூலக்கூறுகளை மிக நீளமானவையாக ஆக்கி, கரைத்துக் கூழாக்கி, அக்கூழிலிருந்து இழை இழுத்து, மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே திசையில் படுக்கும்படி நீட்டினால், எடைக்கு எடை எஃகைவிட வலிமையுள்ள இழை கிடைக்கும். 1979ஆம் ஆண்டளவில் ஹாலந்து நாட்டில் டி.எஸ்.எம். நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இந்த முறையைக் கண்டனர். 1990க்குப் பின் இவ்விழையைப் பின்னிச் செய்த தூண்டில் நூல் உலகெங்கும் பரவியது. இதைத்தான் கடைகளில் பிரெய்டு என்று கேட்டு வாங்குகிறார்கள்.

கயிறு திரிக்கத் தெரிந்த விவசாயிக்குப் பின்னலின் இயல்பை விளக்குவது எளிது. வைக்கோற் புரியும் தேங்காய் நார்க் கயிறும் முறுக்கித் திரிப்பவை. இழுத்தால் முறுக்கு அவிழப் பார்க்கும், விட்டால் சுருளும். பெண்களின் சடை முறுக்குவதன்று, பின்னுவது. எவ்வளவு இழுத்தாலும் சுழலாது. 4 புரி, 8 புரி, 12 புரி என்று இழைகளைச் சடைபோல் பின்னியதே பிரெய்டு நூல்.

வலிமையும் அதன் குறையும்

ஒரே பருமனுள்ள நரம்பையும் பின்னல் நூலையும் ஒப்பிட்டால், பின்னல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். ஆதலால் மெல்லிய நூலே போதும் என்றாகிறது. மெல்லிய நூலைக் காற்று அதிகம் தள்ளாது, நீரோட்டமும் அதிகம் இழுக்காது. இரை தொலைவில் போய் விழும். பின்னல் நூல் நீரை உறிஞ்சுவதில்லை. நைலான் நரம்போ நீரில் ஊறியபின் தன் வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும்.

மற்றொரு வேறுபாடு இழுவையில் உள்ளது. நரம்பு அறுவதற்குமுன் தன் நீளத்தில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்குவரை நீளும். பின்னல் நூல் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான் நீளும். எனவே 40 மீட்டர் தொலைவில் மீன் இரையைத் தொட்டாலும் பின்னல் நூலில் கைக்குத் தெரியும். துறைமுக வாயிலின் நீரோட்டத்தில் பொய்இரையை வீசி இழுப்போருக்கு இது பேருதவி.

இவ்வளவு சிறப்புள்ள நூலுக்குக் கல்லின்மேல் ஒரு பெருங்குறை உண்டு. கிணற்றுக் கயிறு வாளியின் பாரம் தாங்காமல் அறுவது அரிது. கப்பியில் தேய்ந்த இடத்தில்தான் அறும். கவலை ஏற்றம் இறைத்தவர்கள் இதை நன்கு அறிவர். பின்னல் நூல் நூற்றுக்கணக்கான நுண்ணிய இழைகளால் ஆனது. இழுவையில் இருக்கும்போது கூரிய விளிம்பில் பட்டால் அவ்விழைகள் ஒவ்வொன்றாக வெட்டுண்டு, கண் மூடித் திறப்பதற்குள் நூல் முழுதும் போய்விடும். 18 கிலோ தாங்கும் என்று எழுதிய நூல், இறுகிய நிலையில் ஒரு சிப்பி ஓட்டில் உரசினால் 2 கிலோ மீனையும் காப்பாற்றாது. அதே இடத்தில் அரை மில்லிமீட்டர் நரம்பு கீறல் விழுந்தாலும் சற்று நேரம் தாங்கி நிற்கும்.

நம் கற்கரையில் இக்குறை இருமடங்காகிறது. கன்னியாகுமரிப் பாறை பல்லாயிரம் ஆண்டுகள் அலையில் உருண்டு மழுங்கியது. நம் துறைமுகக் கற்களோ மலையில் வெடிவைத்துப் பிளந்து லாரியில் கொண்டுவந்து கொட்டியவை. அவற்றின் முனை இன்னும் கூராகவே இருக்கிறது. அம்முனைகளின்மேல் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளர்ந்து கத்தியின்மேல் கத்தி வைத்தது போல் நிற்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பொந்துகளில் ஈயமும் முள்ளும் புகுந்துகொள்கின்றன. கொடுவாயும் களவாயும் முள்ளில் பட்டவுடன் பொந்துக்குள்தான் ஓடும். பெரும் புயலுக்குப் பின் கற்கள் இடம் மாறுவதும் உண்டு. ஆகையால் சென்ற ஆண்டு எங்கே மாட்டியது என்ற அனுபவத்தை இந்த ஆண்டு முழுதும் நம்பலாகாது.

இக்காரணங்களால் எமது அபிப்பிராயம் இதுவாகும்: கற்கரைக்கு நூல் வாங்கும்போது எவ்வளவு வலிமை என்று முதலில் கேட்க வேண்டாம். அறுந்தால் எங்கே அறும் என்று கேட்க வேண்டும். நடுவில் அறும் நூல் 40 மீட்டரைக் கடலில் விட்டு வரும். நுனியில் அறும்படி அமைத்த நூல் இரண்டு முழத்தை மட்டும் விட்டு வரும்.

முன்னரம்பு

இவ்வாறு நுனியில் அறும்படி செய்வது முன்னரம்பு. கடைக்காரர்கள் இதை லீடர் என்பார்கள். பின்னல் நூலின் முனையில் 2 மீட்டர் நீளத்திற்கு ஒற்றை இழை நரம்பைக் கட்டி, அதன் முனையில் முள்ளையோ பொய்இரையையோ கட்டுவதே முறை. கல்லில் உரசுவது இந்தப் பகுதியே ஆதலால், தேயும் வேலையை இது ஏற்றுக்கொள்கிறது. கொடுவாயின் செவுள் மூடி கத்திபோல் கூரியது. அதையும் இது ஓரளவு தாங்கும். சீலாவுக்கும் வாளைக்கும் கூர்ம்பல் உண்டு. அவை வரும் நாளில் முள்ளருகே ஒரு சாண் மெல்லிய கம்பி வேண்டும்.

முன்னரம்பு பின்னல் நூலைவிடச் சற்று வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியமான விதி. பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். மெல்லிய 9 கிலோ பின்னல் நூலில் 25 கிலோ தாங்கும் தடித்த நரம்பைக் கட்டி, நுனி பலமாக இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். கல்லில் மாட்டினால் நுனி அறாது. நூல் ரீலருகேயோ நடுவிலோ அறும். ஒரு சுருள் முழுவதும் கடலுக்குப் போகும்.

எனவே கற்கரைக்கு 18 கிலோ அளவு தாங்கும் பின்னல் நூலும், 13 முதல் 15 கிலோ தாங்கும் முன்னரம்பும் இணைந்தால் பொருத்தமாக இருக்கும். அத்தகைய நைலான் நரம்பு சாதாரணமாக 0.45 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பருமனுடையது. புளூரோகார்பன் என்ற வேறு வகை நரம்பும் கிடைக்கிறது. அது நைலானைவிடக் கடினமானது, நீரில் விரைந்து மூழ்கும், விலையும் மிகுதி. கலங்கிய முகத்துவார நீரில் அந்தச் செலவுக்கு அவசியம் இல்லையென்பது எம் கருத்து.

ஈயக்குண்டு போட்டு அடியில் இரை வைப்போர் இன்னொரு சிக்கனம் செய்யலாம். ஈயத்தை முன்னரம்பிலேயே கட்டாமல், எளிதில் அறும் பழைய தையல் நூலால் தனியே தொங்கவிட்டால், பொந்தில் ஈயம் மாட்டியபோது அந்த நூல் மட்டும் அறும். மீனும் முள்ளும் நம்மிடம் வரும். ஈயத்திற்குப் பதில் துளையிட்ட கல்லையோ பழைய இரும்புத் திருகையோ கட்டுவது மேலும் நல்லது. ஈயம் நஞ்சாதலால் நீரில் விடத் தக்கதன்று.

கடையில் பார்க்க வேண்டியவை

பின்னல் நூலின் அட்டையில் மூன்று அளவுகள் இருக்கும். ஒன்று பவுண்டிலோ கிலோவிலோ எழுதிய வலிமை. 20 பவுண்டு 9 கிலோ, 30 பவுண்டு 13.6 கிலோ, 40 பவுண்டு 18 கிலோ ஆகும். மற்றொன்று மில்லிமீட்டரில் பருமன். மூன்றாவது ஜப்பானிய முறைப்படி பி.இ. என்று தொடங்கும் எண். 1ஆம் எண் 0.165 மில்லிமீட்டர், 2ஆம் எண் 0.235, 3ஆம் எண் 0.285, 4ஆம் எண் 0.33 என்பது கணக்கு. நம் கற்கரைக்கு 2ஆம் எண்ணுக்குக் கீழே போக வேண்டாம். 3ஆம் எண் போதுமானது. 4ஆம் எண்ணும் அதற்கு மேலும் பெருஞ்சுறாவை நாடுவோருக்கே தேவை. அவற்றால் வீச்சின் தொலைவு குறையும்.

4 புரியா, 8 புரியா என்று கேட்டால், எமது தேர்வு 4 புரியே. 8 புரி நூல் உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். வளையங்களில் ஓசையின்றி ஓடித் தொலைவில் விழும். ஆனால் ஒரே பருமனில் 8 புரி இருந்தால் ஒவ்வொரு புரியும் மெல்லியதாகத்தானே இருக்க வேண்டும்? கல்லில் ஒரு புரி வெட்டுண்டாலும் நூல் பிசிறடிக்கத் தொடங்கும். 4 புரி சற்றுச் சொரசொரப்பானது. ஆயினும் ஒவ்வொரு புரியும் தடித்தது, விலையும் குறைந்தது. மணலில் நின்று வீசுவோர் மட்டும் 8 புரிக்குப் பணம் கொடுக்கலாம்.

வலிமையைப் பற்றி அட்டையில் எழுதியதை அப்படியே நம்புதல் கூடாது. மிக மலிவான சுருள்களில் எண்ணைப் பெரிதாகப் போட்டு நூலைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். பாலியெஸ்டர் நூலையே பின்னி இப்பெயரில் விற்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து முதலில் ஒரு சிறு சுருளை வாங்கிச் சோதித்த பின்னர் மற்றவற்றை வாங்கினால் நஷ்டம் பகிர்ந்துபோகும்.

பருமனைப் பார்க்க, ஒரு பென்சிலின்மேல் நூலை இடைவெளியின்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். 10 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை சுற்று வருகிறதென்று எண்ண வேண்டும். 35 சுற்று வந்தால் பருமன் 0.285, 42 வந்தால் 0.235. அட்டையில் 0.235 என்று எழுதிவிட்டு 28 சுற்றே வந்தால், அந்த அட்டையின் பிற சொற்களையும் அதற்கேற்ப மதித்துக்கொள்ளலாம்.

பொருளைப் பார்க்க, விரல் நீளத் துண்டைச் சோப்பு நீரில் கசக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, பின் நல்ல நீரில் அமுக்கி விட வேண்டும். பாலிதீன் இழை நீரைவிட இலேசானது, மேலே வந்துவிடும். நைலானும் பாலியெஸ்டரும் நீரைவிடக் கனமானவை, அவை மூழ்கும்.

வலிமையைப் பார்க்க, குடிநீர் விற்கும் 20 லிட்டர் கேன் மிக வசதியானது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பது கணக்கு. வழுவழுப்பான மரக்கிளையில் நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டி, மறுமுனையைக் கேனின் கைப்பிடியில் தாம் வழக்கமாகப் போடும் முடிச்சினால் கட்டித் தொங்கவிட்டு, செம்பு செம்பாக நீர் ஊற்ற வேண்டும். கேன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். எத்தனையாவது லிட்டரில் விழுகிறதோ அதுவே அந்த நூலின், அல்லது அந்த முடிச்சின், உண்மையான வலிமை. பெரும்பாலும் நூல் அறாது, முடிச்சுத்தான் உருவிக்கொள்ளும். பாலிதீன் இழை எண்ணெய் பூசியதுபோல் வழுக்குவது என்பதை அப்போது கண்ணால் காணலாம்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சாயம் இவ்விழையில் ஊறுவதில்லை, மேலே ஒட்டியிருப்பதே. சில வாரங்களில் வெளுத்தால் நூல் கெட்டதென்று பொருளில்லை. மஞ்சளோ இளம்பச்சையோ கண்ணுக்குத் தெரியும் நிறமாக இருந்தால் அந்தி நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு நம் நூல் தெரியும். மீனருகே இருப்பது நிறமற்ற முன்னரம்பே.

ஏற்றுதலும் முடிச்சும்

பின்னல் நூலை வெறும் ரீலில் நேரே சுற்றினால், முடிச்சு எவ்வளவு இறுகியிருந்தாலும் நூல் முழுவதும் உருளையின்மேல் வழுக்கிச் சுழலும். முதலில் பத்துப் பதினைந்து மீட்டர் பழைய நரம்பைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நூலை ஏற்ற வேண்டும். 150 மீட்டர் போதும். துறைமுகக் கல்லிலிருந்து யாரும் அதில் பாதியளவுகூட வீசுவதில்லை. ஈரத்துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்ந்து சுற்றிய நூல் வீசும்போது கொத்தாக வந்து சிக்குப்போட்டுவிடும். அந்தச் சிக்கை மாலை முழுவதும் பிரித்துக்கொண்டிருக்க நேரும். உருளையின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துவது நலம்.

பின்னலையும் முன்னரம்பையும் இணைக்கப் பல முடிச்சுகள் உண்டு. பழகுவதற்கு எளிதானதை மட்டும் சொல்வோம். இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஒரு முழம் அளவுக்கு இணையாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னல் நூலின் முனையைத் திருப்பி ஒரு வளையமாக்கி, அவ்வளையத்தின் உள்ளாக இரண்டு நூல்களையும் சேர்த்து 8 சுற்றுச் சுற்றி மெல்ல இழுக்க வேண்டும். நரம்பின் முனையாலும் அவ்வாறே மறுபக்கத்தில் 4 அல்லது 5 சுற்றுச் சுற்ற வேண்டும். இரு முடிச்சுகளையும் நீரால் நனைத்த பிறகு, இரண்டும் வந்து முட்டும்வரை நீள நூல்களை இழுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உராய்வின் சூட்டில் இழை கெடும். பாலிதீன் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடுவது. பீடி நெருப்பு பட்டாலும் போதும்.

ரீலில் மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் திருகு ஒன்றுண்டு, டிராக் என்பர். முன்னரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு, அதாவது மூன்றரைக் கிலோ இழுவைக்குச் சறுக்கும்படி அதை வைக்க வேண்டும். பின்னல் நூல் நீளாது ஆதலால், மீன் திடீரென்று பாயும் அதிர்ச்சியை இத்திருகும் கோலின் வளைவும்தான் தாங்க வேண்டும். நைலானுக்குப் பழகிய கை திருகை இறுக்கி வைக்கும். அங்கேதான் முதல் மீன் தப்பும்.

கல்லில் மாட்டினால்

மாட்டியவுடன் கோலை வளைத்து இழுப்பது எல்லோரும் செய்யும் தவறு. அப்போது முள் மேலும் ஆழப் புதையும். நூலைத் தளர்த்தி, வில்லின் நாணைத் தெறிப்பதுபோல் இரண்டு மூன்று முறை தெறித்துப் பார்க்க வேண்டும். பாதி தடவை அதிலேயே வந்துவிடும். வராவிடில் கல்லின்மேல் சற்று நடந்து மறுபக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். அதிலும் வராவிடில் அறுத்துத்தான் ஆக வேண்டும். கோலை நூலின் திசையிலேயே நேராக நீட்டி, நூலை ஒரு விறகுக் கட்டையில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி இழுத்தால் முன்னரம்பு அறும். நூலைக் கையிலோ விரலிலோ சுற்றி இழுப்பது பெரும் ஆபத்து. பின்னல் நூல் உள்ளங்கையை எலும்புவரை அறுத்துவிடும். களையெடுக்கவும் கதிர் அறுக்கவும் வேண்டிய கை அது.

மாட்டிய பொய்இரையை மீட்கக் கல்லின் அடிப்பகுதிக்கு இறங்குவோரும் உண்டு. பாசி படிந்த கல்லில் வழுக்கி இடுக்கில் கால் மாட்டியபின் அடுத்த அலை காத்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும் நாட்களில் கல்லின் பக்கமே போகலாகாது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கரை கடந்த தானே புயலை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தார் தடுத்திருக்கும் பகுதிகளில் ஏறக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சிதம்பரம் பக்கத்துக்கு ஒரு சொல்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும், அதற்குத் தெற்கே கிள்ளை, பிச்சாவரம் உப்பங்கழிகளும் வேறு வகை நீர். அங்கே கல்லுக்குப் பதில் சுரபுன்னையின் வேர்கள். கல் நூலை வெட்டும், வேர் நூலை விடாது. பிச்சாவரம் காப்புக்காடு, 2022இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறையார் அனுமதிக்காத இடத்தில் தூண்டில் போடுதல் கூடாது. காட்டை ஒட்டிய கழிகளில் வீசுவோர், நூல் மாட்டிய கிளையை ஒடிக்க முனையக்கூடாது. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. நூலை அறுத்துவிட்டு, ஓதம் இறங்கியபின் எட்டும் துண்டை மட்டும் எடுத்துவருவதே உசிதம்.

ஏரி, வாய்க்கால், குட்டைகளில் கெண்டைக்கும் விராலுக்கும் தூண்டில் போடுவோருக்குப் பின்னல் நூல் தேவையேயில்லை. மூங்கிற் கோலும் சில ரூபாய் நரம்பும் போதும்.

எஞ்சிய நூல்

கரையிலிருந்து திரும்பியதும் ரீலில் உள்ள நூலின்மேல் ஒரு செம்பு நல்ல நீரை ஊற்றி நிழலில் உலர்த்த வேண்டும். நூலைவிட ரீலுக்கே இது அவசியம். நுனியிலுள்ள சில மீட்டரை விரல் நகத்தால் தடவிப் பார்த்துப் பிசிறு தட்டினால் அப்பகுதியை வெட்டிவிட வேண்டும். ஓராண்டு உழைத்தபின் நூலைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால், உள்ளே இருந்த புதிய பகுதி வெளியே வரும். இன்னும் ஓராண்டு உழைக்கும்.

வெட்டிய பழைய நூலை வயலில் உபயோகிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். கதிர் முற்றிய வயலில் குருவியை விரட்ட அதைக் கட்டுவது தவறு. கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் அந்த நூல் பறவையின் சிறகையும், மேயும் மாட்டின் காலையும் அறுக்கும். புடலைப் பந்தலுக்கும் ஆகாது. காய் பாரம் ஏறும்போது கொடியின் தண்டை வெட்டிவிடும். எரிப்பதும் கூடாது.

கடலோரப் பஞ்சாயத்துக்கள் செலவின்றிச் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. கல்லுக்கு ஏறும் வழியில், ஒரு முழ நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டை ஒரு கம்பத்தில் நிமிர்த்திக் கட்டி, அடியை மூடியால் அடைத்து, வாயை ஒரு வளைவுக் குழாயால் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால், காற்றுக்கும் மழைக்கும் பறக்காத நூல் பெட்டி ஆகிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் முட்டையிட மணலேறும் பகுதிகளில் இது முதலில் வேண்டும். குழாய் நிரம்பியதும் தூய்மைக் காவலர்கள் அதைக் கழற்றி, நூலை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, மற்றப் பிளாஸ்டிக் கழிவுடன் சேர்க்கலாம். நறுக்குவதற்குக் கத்தரிக்கோல் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோலில் இந்நூல் வழுக்கி மடியுமே தவிர வெட்டுப்படாது.